பதில் சொல்லாத காவல்

"இன்னும் எத்தனை காவல் போட்டா என் பயம் போகும், சார்?" என்று கேட்டாள் சொர்ணம்.

மாசானம் பதில் சொல்லவில்லை. எழுந்து போய் அலுவலகக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். மேல் தாழ்ப்பாளையும் போட்டார். ஜன்னலை இழுத்து மூடிவிட்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அறை இருட்டானது. கம்ப்யூட்டர் திரை மட்டும் இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம் அடித்தது.

கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"டீ" என்றது வெளியே ஒரு குரல்.

சொர்ணம் எழப் போனாள். மாசானம் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

மறுபடியும் தட்டல். உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று டீக்காரர் கேட்டார். அதற்கும் இவர்கள் வாய் திறக்கவில்லை. அவர் கொஞ்சம் நின்று பார்த்தார். பிறகு செருப்புச் சத்தம் தெருப்பக்கம் இறங்கிப் போயிற்று.

மாசானம் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறந்தார்.

வாசற்படியில் இரண்டு தம்ளர் இருந்தது. ஒன்றில் தெரு ஆடு வாயை வைத்துக்கொண்டிருந்தது.

"என்ன தெரியுது, அக்கா?"

"தாழ்ப்பாள் ஜாஸ்தியானா டீ கிடைக்காதுங்கறீங்க."

மாசானம் சிரித்தார். ஆடு தொடாத தம்ளரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அவர் எப்போதும் அப்படித்தான். நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குத்தான் பதில் வரும். அதுவும் பாதிதான் வரும்.

மலையடிவாரத்து ஊர்களுக்கு மின்சாரம் கொடுக்கிற கூட்டுறவுச் சங்கம் அது. சொர்ணம் அங்கே டைப் அடிக்கச் சேர்ந்தவள். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. சங்கத்துக்கு ஒரு மென்பொருள் செய்து தர மாசானம் வந்தபோது, கூட இருந்து ஒத்தாசை செய்யச் சொல்லி அவளை அனுப்பினார்கள். ஒத்தாசைக்குப் போனவள் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் தானே எழுதவும் கற்றுக்கொண்டாள்.

மாசானம் அவளைவிட ரொம்ப இளையவர். அவளை அக்கா என்று கூப்பிடுவார். அவள் அவரை சார் என்பாள். மகன் வயசுப் பையனைப் போய் சாரா என்று சங்கத்தில் கேலி செய்தார்கள். சொல்லிக் கொடுக்கிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவள் கேட்டாள். அதற்குப் பிறகு கேலி நின்றது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் குறைந்தது.

அவர்கள் செய்துகொண்டிருந்தது லைன் கிளியர் வேலை.

மின்கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் ஒயர்மேன் துணைமின் நிலையத்துக்குப் போன் செய்து, அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வார். நிறுத்தியாயிற்று, ஏறலாம் என்று அங்கிருந்து வருகிற அனுமதிதான் லைன் கிளியர். அது இல்லாமல் ஏறியவன் இறங்கி வருவது நிச்சயமில்லை.

இனிமேல் போனில் கத்திக்கொண்டிருக்க வேண்டாம், செல்போன் செயலியில் கேட்கலாம் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. ஒயர்மேன் கம்பத்தடியில் நின்று ஒரு பட்டனை அழுத்துவார். அந்தக் கேள்வி சங்கத்தின் சர்வருக்கு வரும். சர்வர் அதைச் சரியான துணைமின் நிலையத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும். அங்கே ஆபரேட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு எண்ணோடு அனுமதி கொடுப்பார். அது அதே வழியில் ஒயர்மேன் கைக்குத் திரும்பி வரும்.

ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கணினி மொழியில் அந்த வழிகளை எழுதுவதுதான் இவர்கள் வேலை.

கேள்வி நேராக ஆபரேட்டரிடம் போய்விடாது. நடுவில் வரிசையாகக் காவல்கள் நிற்கும். மிடில்வேர் என்பார் மாசானம். கேட்பவர் யார் என்று பார்க்க ஒரு காவல். போன் அவருடையதுதானா என்று பார்க்க ஒன்று. அவருக்கு இன்று வேலை உண்டா, அந்த லைன் அவருடைய எல்லையா, அதே லைனில் வேறு யாராவது ஏறி நிற்கிறார்களா என்று பார்க்க அடுத்தடுத்து ஆட்கள். கோயிலில் ஒவ்வொரு வாசலாகத் தாண்டி உள்ளே போவது மாதிரி.

ஒவ்வொரு காவலும் கேள்வியைப் பார்க்கும். சரியாக இருந்தால் 'நெக்ஸ்ட்' என்று அடுத்த காவலிடம் ஒப்படைக்கும். சரியில்லை என்றால் அங்கேயே பதில் சொல்லித் திருப்பி அனுப்பும்.

இதைச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கே சொர்ணத்துக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு காவல் ஏமாந்து போனால்?

அவளுடைய பயத்துக்குப் பெயர் கொம்பையா. அவள் தம்பி. அதே சங்கத்தில் ஒயர்மேன். அவன் நடை பழகும்போதே அம்மா போய்விட்டாள். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் சொர்ணத்தின் படிப்பு நின்றது. ரோட்டில் போகும்போது எந்தக் கம்பத்தைப் பார்த்தாலும் அதன் உச்சியில் அவன் கருகித் தொங்குவது மாதிரி அவளுக்குத் தோன்றும். தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள்.

அதனால் காவல் மேல் காவலாகப் போட்டாள். இடி மின்னல் இருக்கிறதா என்று பார்க்க ஒன்று போட்டாள். முதல் காவல் சரியாகப் பார்த்ததா என்று பார்க்க ஒன்று போட்டாள். அதையும் பார்க்க இன்னொன்று போட்டபோது, மாசானம் திரையைப் பார்த்து வெகுநேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில்தான் அந்தத் தப்பு நடந்தது.

எந்த வழிக்கும் பொருந்தாத கேள்வி வந்தால், இங்கே அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல ஒரு காவல் உண்டு. அது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். எல்லா வாசலையும் தாண்டிப் போக்கிடம் இல்லாமல் வருகிறவர்களுக்குத்தான் அது பதில் சொல்ல வேண்டும். சொர்ணம் பயத்தில் அதைத் தூக்கி எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்துவிட்டாள். வேண்டாதது எதுவும் உள்ளேயே வரக் கூடாது என்று நினைத்தாள்.

வேண்டியதும் வரவில்லை.

அன்றைக்குச் செயலியைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஒயர்மேன்கள் எல்லாருக்கும், யார் என்ன கேட்டாலும், "இல்லை" என்றே பதில் போயிற்று.

துணைமின் நிலையத்து ஆபரேட்டர் தங்கப்பழம் போன் செய்தார். அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கியே வேண்டாம். ஊரே இருட்டில் கிடக்கிறது, யார் அங்கே வாசலில் உட்கார்ந்துகொண்டு எல்லாரையும் இல்லை போ என்று விரட்டுவது என்று கேட்டார். சங்கத்தில் எல்லாரும் இருக்கும்போதே கேட்டார். கொம்பையாவோடு வேலை செய்கிறவர்கள் அவனை வழியில் பார்த்தபோதெல்லாம், உங்க அக்கா கிட்ட தண்ணி கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லுமோ என்று கேட்டார்கள்.

சொர்ணம் அந்தக் காவலைக் கடைசிக்கு மாற்றினாள். ஆனால் அதோடு விடவில்லை. உட்கார்ந்து, ஒவ்வொரு காவலிலும் 'இல்லை' என்று எழுதியிருந்த வரியைத் தேடித் தேடி அழித்தாள்.

ஆமாம் என்றால் யாராவது செத்துவிடுவார்களோ என்று பயம். இல்லை என்றால் திட்டுவார்களே என்று பயம். இரண்டையும் சொல்லாமல் விட்டாள். சந்தேகம் வந்தால் அவளுடைய காவல் அடுத்தவரிடமும் ஒப்படைக்காது, திருப்பியும் அனுப்பாது. கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கும்.

அப்படி நின்றால் திரையில் சிவப்பு எழுத்து எதுவும் வராது. சர்வர் முனகக்கூட முனகாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் வீட்டிலும் அப்படித்தான் இருந்து பழகியவள். புருஷன் ஏதாவது கேட்டால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கேட்டவர் கொஞ்ச நேரத்தில் போய்விடுவார்.

எத்தனை காவல் போட்டால் பயம் போகும் என்று அவள் கேட்டது இதற்கெல்லாம் பிறகுதான்.

டீ குடித்து முடித்ததும் மாசானம் அவள் எழுதியதை ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"போன் அவருடையது இல்லைன்னா இந்தக் காவல் என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாது. நிறுத்தி வச்சுக்கும்."

"கேட்டவர்?"

"காத்துக்கிட்டு இருப்பார். ஏற மாட்டார். அதுதானே சார் பத்திரம்?"

மாசானம் விரலை எடுக்கவில்லை.

"யார் சொன்னாங்க?"

"எது?"

"ஏற மாட்டார்னு."

சட்டம் அப்படித்தானே என்றாள் சொர்ணம். அனுமதி எண் கைக்கு வராமல் கம்பத்தைத் தொடக் கூடாது என்று சங்கத்துச் சுவரிலேயே பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது. அவள்தான் அதை டைப் அடித்தாள்.

மாசானம் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மடிக்கணினியைப் பையில் போட்டு அவள் தோளில் மாட்டினார். வாசலில் போய் வண்டியைக் கிளப்பினார்.

எங்கே என்று அவள் கேட்டாள்.

அது அவர் பதில் சொல்லாத கேள்விகளில் ஒன்று.

மலையடிவாரத்தில் வாழைத்தோட்டத்துக்கு நடுவே ஒரு கம்பம். மழை வரும்போல மேகம் மலையில் இறங்கிக்கொண்டிருந்தது. பறவைகள்கூடச் சத்தம் போடவில்லை. ஏணியைக் கம்பத்தில் சாய்த்துக் கட்டிக்கொண்டிருந்தான் கொம்பையா. மேலே கம்பியைத் தாங்குகிற பீங்கான் ஒன்று உடைந்திருந்தது.

"யக்கா, நீ எங்க இந்தப் பக்கம்? கம்பத்துக்கும் காவல் போட வந்தியாக்கும்?"

சொர்ணம் சிரிக்கவில்லை. மேலே பார்த்தாள். உடனே கீழே பார்த்துவிட்டாள்.

மாசானம் கொஞ்சம் தள்ளிப் போய் யாரிடமோ போனில் மெதுவாகப் பேசினார். திரும்பி வந்து அந்தப் போனைக் கொம்பையாவிடம் நீட்டினார்.

"இன்னைக்கு என் போன்ல கேட்டுப் பாருங்க, அண்ணே."

"யார் போனா இருந்தா என்ன சார். ஒருத்தன் போன்ல சார்ஜ் இல்லன்னா அடுத்தவன் போன்ல கேக்கதுதான்."

அவன் தன் பெயரைப் போட்டான். லைனைப் போட்டான். பட்டனை அழுத்தினான்.

திரையில் சின்னச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது.

சொர்ணத்துக்கு மூச்சு இலகுவாக வந்தது. ஆள் கொம்பையா, போன் மாசானத்துடையது. இரண்டாவது காவலே பிடித்துக்கொள்ளும். கேள்வி அங்கேயே நிற்கும். தங்கப்பழத்துக்குப் போகாது. அனுமதி வராது. தம்பி ஏற மாட்டான். அவளுடைய காவல் வேலை செய்கிறது. இதைக் காட்டத்தான் மாசானம் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவருக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னாள்.

கொம்பையா போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரப்பில் குந்தினான். பீடி ஒன்றைப் பற்ற வைத்தான்.

வீட்டில் என்ன குழம்பு என்று கேட்டான். சொன்னாள். அதில் எனக்கு எடுத்து வைத்தாயா, இல்லை அதற்கும் அனுமதி எண் வேண்டுமா என்று கேட்டான். மாசானம்கூடச் சிரித்தார்.

பீடி முடிந்தது. கொம்பையா அதைக் காலால் மிதித்தான். எழுந்து பெல்ட்டை இடுப்பில் மாட்டினான்.

"என்னலே பண்ணுத?" என்றாள் சொர்ணம்.

"ஏறுதேன்."

"பதில் வரலியே."

"அதான் வரலியே" என்றான் அவன்.

அவளுக்குப் புரியவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை.

"தங்கப்பழம் அண்ணாச்சியால லைனை அணைக்க முடியாதுன்னா உடனே கூப்பிட்டுக் கிழிச்சிருவாரு. ஒரு பீடி நேரம் சத்தம் இல்லன்னா அணைச்சிட்டாருன்னு அர்த்தம். சரின்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்க அவருக்கு ஏது நேரம்? எங்களுக்கு எப்பவும் இதுதான் வழக்கம்."

"அனுமதி எண் வாங்கணும்னு சட்டம் இருக்குல்லா?"

"சட்டம் ஆபீஸ் சுவத்துல இருக்கு, யக்கா. நாங்க வயல்ல இருக்கோம்."

அவன் ஏணியில் கால் வைத்தான்.

மின்சாரம் மிச்சம் இருந்தால் மண்ணுக்கு இறக்கிவிடுகிற கம்பி எங்கே என்று கேட்கப் பார்த்தாள். அது அவன் சைக்கிளில் இல்லை. பக்கத்து ஊர் ஆட்கள் வாங்கிப் போயிருப்பார்கள். அதுவும் இவர்களுக்கு வழக்கம்.

ஒரு படி ஏறினான். இரண்டாவது படி.

அவன் சட்டைப் பையில் அந்தச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பது துணி வழியாகத் தெரிந்தது. அது யாருக்காகவும் சுற்றவில்லை. அவன் கேட்டது தங்கப்பழத்துக்குத் தெரியவே தெரியாது. சங்கத்து சர்வரில், இரண்டாவது வாசலில், அவள் நிற்க வைத்த காவல் அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவள் அழித்த வரி இருந்த இடம் அவளுக்குக் கண்ணில் தெரிந்தது. வெறும் வெள்ளையாக இருந்தது.

கத்த வேண்டும் என்று நினைத்தாள். இத்தனை வருஷமாகச் சும்மா இருந்த வாய் திறக்க மாட்டேன் என்றது.

மாசானத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொம்பையாவின் கால் அவள் தலைக்கு மேலே போயிற்று. அவன் கை மேலே நீண்டது.

சொர்ணம் பாய்ந்து அவன் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்றாள். "இல்லலே. ஏறாத. ஏறாத. இல்ல."

அவளுக்கே அடையாளம் தெரியாத குரல் அது. வாழைத்தோட்டத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கொம்பையா இறங்கினான். விட்டாலொழிய இறங்க முடியாது, காலை விடு என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இறங்கியதும் கேலி செய்ய வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து அதை விட்டுவிட்டான்.

அவள் மாசானத்திடம் போனாள்.

"சார், மேல கரண்ட் இருந்துதா?"

மாசானம் ஒன்றும் சொல்லவில்லை.

"சார். இருந்துதா, இல்லையா?"

அவர் அவளைப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு என்னென்னவோ தோன்றியது. இருந்தது என்று தோன்றியது. தெரிந்தேதான் ஏறவிட்டார் என்று தோன்றியது. தம்பி கை அந்தக் கம்பியைத் தொட்டிருந்தால் என்று தோன்றி, அவன் தொட்டே விட்டான் என்று தோன்றி, பக்கத்தில் நிற்கிறவன் அவன்தானா என்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள். அவர் வாய் அப்படியே மூடியிருந்தது. அடித்துவிடலாம் போல இருந்தது.

"ஆமான்னாவது சொல்லும், இல்லைன்னாவது சொல்லும். மனுஷன்தானே நீரு? இப்படி நின்னா நான் என்னன்னு எடுத்துக்கிட?"

'சார்' போய்விட்டது. மரியாதையும் முக்கால்வாசி போய்விட்டது.

"இல்லை, அக்கா" என்றார் மாசானம். "கரண்ட் இல்லை. காலையிலேயே அணைச்சாச்சு. தங்கப்பழம் அண்ணாச்சி சுவிட்சைப் பூட்டிச் சாவியைக் கையில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். இப்போகூடப் பேசிக் கேட்டுக்கிட்டேன்."

சொர்ணம் வரப்பில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. துடைத்தாள். மறுபடி வந்தது. விட்டுவிட்டாள்.

"நேத்து அவர்கூட டீ குடிச்சேன்" என்றார் மாசானம். "அப்போதான் அந்தப் பீடிக் கணக்கைச் சொன்னார்."

டீ என்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

தாழ்ப்பாள் போட்ட கதவு. வெளியே டீக்காரர். உள்ளே ஆள் இருக்கா என்று கேட்டு, பதில் வராமல், சரி இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போனவர். தம்ளருக்குள் வாயை விட்ட ஆடு.

"வெறும் டீக்கே அப்படி" என்றாள் தனக்குள்.

தோளில் இருந்த பையை மடியில் வைத்துக் கணினியைத் திறந்தாள். ஒரு எழுத்தை அடித்து, தப்பாகி, அழித்து அடித்தாள். இரண்டாவது காவலில் வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு வரி எழுதினாள். கீழே இறங்கி அடுத்த காவலுக்குப் போனாள். அதிலும் எழுதினாள். காவலைக் காவல் பார்க்கிற காவல்கள் வந்தபோது, அவை எதற்கு நிற்கின்றன என்று அவளுக்கே தெரியவில்லை. அவற்றைத் தூக்கிவிட்டாள். மாசானம் எட்டிப் பார்க்கவில்லை. மழை ஒன்றிரண்டு சொட்டு திரையில் விழுந்தது. முந்தானையால் மூடிக்கொண்டு எழுதினாள்.

சர்வருக்கு ஏற்றி முடித்ததும், தம்பியிடம், மறுபடி அதே போனில் கேள் என்றாள்.

அவன் பட்டனை அழுத்தினான். சக்கரம் சுற்றுவதற்குள்ளேயே போன் சத்தம் போட்டது. கொம்பையா திரையைப் பார்த்தான். எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தான்.

"இல்லை. இது உன் போன் இல்லை. ஏறாதே."

பிறகு மாசானத்திடம் திரும்பினான்.

"சார், வாங்க போங்கன்னு ஒரு மரியாதை கிடையாதா இதுல? எங்க அக்காவே உள்ள உட்கார்ந்து பேசுத மாதிரில்லா இருக்கு."

"திட்டணும்னா என்னைத் திட்டு" என்றாள் சொர்ணம். "தங்கப்பழம் அண்ணாச்சியையும் கூப்பிட்டுத் திட்டச் சொல்லு. உன் போனை எடு. அதுல கேளு."

அவன் தன் போனை எடுத்துக் கேட்டான். இந்தத் தடவை கேள்வி வாசல் வாசலாகத் தாண்டிப் போயிற்று. அது போகிற ஒவ்வொரு வாசலும் அவளுக்குத் தெரிந்தது. யார் என்று கேட்டு, விட்டது. போன் யாருடையது என்று கேட்டு, விட்டது. வேலை, எல்லை, வேறு ஆள், இடி மின்னல். கடைசியில் ஆபரேட்டரிடம் போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரம் சக்கரம் சுற்றியது. கொம்பையாவின் கை பீடிக் கட்டுக்குப் போயிற்று. சொர்ணம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

போன் சத்தம் போட்டது. "லைன் கிளியர். ஏறலாம்" என்று எண்ணோடு வந்திருந்தது.

எண்ணை அவள் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். அவனையும் படிக்கச் சொன்னாள். படித்தான்.

கொம்பையா ஏறினான்.

சொர்ணம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையைக் குனியவில்லை. அவன் ஒவ்வொரு படியாகப் போவதைப் பார்த்தாள். பெல்ட்டைக் கம்பத்தில் மாட்டுவதைப் பார்த்தாள். மேகம் கறுத்திருந்தது. அவன் கை கம்பியை நோக்கி நீண்டபோது பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

கம்பியைத் தொட்டான். உடைந்த பீங்கானைக் கழற்ற ஆரம்பித்தான். வாய்க்குள் ஏதோ பாட்டு.

மாசானம் வந்து ஏணியின் இன்னொரு காலைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, பயம் போச்சா?"

"இல்லை" என்று உடனே சொன்னாள் சொர்ணம்.